வெண்கல உருளியை மலையேற்ற வேண்டாமென விடுத்த ஓலை

வானம் பருவம் தவறாது பொழிக! வயல் உழைத்தவர் கை சலிக்க விளைக! தண்பொழில் நாட்டின் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது எரிக! எரியும் அடுப்பில் ஏறிய பானை எதுவும் வெறும்பானையாய் இறங்காதிருக்க!

கல்வயல் நாட்டில் பிறந்து தண்பொழில் நாட்டில் புகுந்தவளும், எல்லைநடை முடியும்வரை அரச முத்திரையைத் தன் மடியில் முடிந்து காப்பவளுமாகிய பட்டத்தரசி முல்லைநங்கை, இரட்டைமுகட்டு மலையடிப் பாசறையில் முடியையும் கணையாழியையும் துறந்து, முதுகுப்பை ஒன்றையே அணிகலனாகப் பூண்டு வீற்றிருக்கும் தன் கொழுநரும் இந்நாட்டின் கோமகனுமாகிய நெடுங்கோ வெற்பனாருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் தோள்கள் நலமா? முழங்கால்கள் நலமா? வயிற்றைப் பற்றி வினவ வேண்டியதில்லை. அது எக்காலத்தும் நலமாகவே இருந்துவருவதை நாடறியும்.

தாங்கள் விடுத்த ஓலை நேற்று உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தது. அதில் மூன்று குறைகள் கண்டேன். பையில் நெய் இல்லை என்பது முதற்குறை. அரசன் ஒருவன் அவல் மூட்டையோடு மலையேறுவது குலத்துக்கு இழுக்கு என்பது இரண்டாம் குறை. என் தமையனாராகிய கல்வயல் வேந்தர் விறற்கோ வழித்துணையாக அனுப்பிய வெண்கல உருளியை முதுகில் கட்டினால் எழுந்து நிற்கவே இயலவில்லை, நடப்பது எங்ஙனம் என்பது மூன்றாம் குறை. முதல் இரண்டும் நாவின் குறைகள். மூன்றாவதோ நாட்டின் குறை. அதற்கான மறுமொழியை ஓலையின் கடைசியிலேயே வைத்திருக்கிறேன், பாதி படித்ததும் தாங்கள் உணவு கொள்ள எழுந்துபோகாதிருக்கும் பொருட்டு.

எல்லைநடையின் முறைமை தாங்கள் அறிந்ததே. ஆயினும் நெய்யின் நினைவில் அது சற்றே மங்கியிருக்கலாம் என்பதால் மீண்டும் நினைவுறுத்துகிறேன். இரு நாட்டு வேந்தரும் ஒரே விடியலில் தத்தம் மலையடியிலிருந்து புறப்பட்டு, மலைமேல் எங்கே ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனரோ அங்கே எல்லைக்கல் நடப்படும். உணவும் கலமும் தம் முதுகிலேயே வரவேண்டும். பிறர் கையிலிருந்து ஒரு பருக்கையும் பெறலாகாது. மற்ற வேந்தர் விடுக்கும் வழித்துணைப் பரிசு ஒன்றை மட்டும் மறுக்கலாகாது. உண்பொருளாயின் உண்டு தீரும்வரையிலும், பிற பொருளாயின் எதிர்கொள்ளும் இடம்வரையிலும் அதைச் சுமந்தாக வேண்டும். ஆகவே சுமை குறைந்தவர் வழி நீளும்; வழி நீண்டவர் நாடு நீளும்.

தங்கள் தந்தையார் சென்ற எல்லைநடையில் பித்தளை அண்டாவையும், சந்தன மணையையும், ஊறுகாய்ச் சாடிகள் சிலவற்றையும் சுமந்து, ஒவ்வொரு வேளையும் அரசர்க்குரிய முறையில் உண்டு நடந்தார். முறையில் ஒரு குறையும் இல்லை. மான்சுனைக்குக் கூப்பிடு தூரத்தில் என் தந்தையார் அவரை எதிர்கொண்டார். சுனை அப்புறமும் நாம் இப்புறமுமாகக் கல் நடப்பட்டது. அன்றுமுதல் மலைச்சரிவில் வாழும் நம் குடிகள் தண்ணீருக்குக் கல்வயல் காவல் வாயிலில் நிற்கின்றனர். மணமகளாய் நான் அவ்வாயிலைக் கடந்த நாளில், குடத்தோடு நின்ற பெண்ணொருத்தி என் பல்லக்கின் திரையை விலக்கினாள்.

“உங்க ஊரு காவக்காரன்தானே தாயி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. விடிஞ்சதுலேருந்து நிக்கிறோம்” என்றாள்.

நான் சொன்னேன். காவலன் சிரித்தான். புகுந்த நாட்டில் நான் பெற்ற முதல் மறுமொழி அச்சிரிப்பு. தங்கள் பையில் எதை வைப்பது, எதை விடுப்பது என்று நான் எண்ணிய போதெல்லாம் அதுவே என் செவியில் இருந்தது; நெய்க்குடத்தின் முறையீடு எனக்குக் கேளாது போனமைக்கு அதுவே காரணம்.

இனி மடைப்பள்ளியில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். மடைப்பள்ளி நாயகம் அமுதமாராயர், தங்கள் தந்தையார்க்குக் கட்டிய அதே மூட்டையை, அதே அண்டாவோடு, புதிதாக ஒரு வெள்ளித்தட்டும் சேர்த்துக் கட்டிவைத்திருந்தார். தட்டு எதற்கென நான் வினவியபோது அவர் கண்கலங்கினார்.

“அரசர் இலையில அள்ளித் தின்னா நாடு என்ன பேசும் தாயே? தட்டு இல்லாம அனுப்புறதுக்கு என்னையே அனுப்பிடுங்க” என்றார்.

அவரை அனுப்புவது தட்டை அனுப்புவதினும் பளுவானது என்பதால் அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. அதற்கு மாறாக, அம்மூட்டையைத் தங்கள் முதுகில் கட்டி அரண்மனைக் குளத்தை ஒருமுறை சுற்றிவரும்படி வேண்டினேன். முதல் மூலையில் தங்கள் மீசை முறுக்கோடு இருந்தது. இரண்டாம் மூலையில் தாங்கள் படிக்கட்டில் அமர்ந்ததை ஊரார் பலரும் கண்டனர், சொன்னதையும் கேட்டனர்.

“நங்கை, அண்டாவைத் திறந்து பாரு. மாராயர் உள்ள உக்காந்திருக்காரு போல” என்றீர்கள்.

அன்று அக்குளக்கரையிலேயே மூட்டையை அவிழ்த்தேன். என் எண்ணம் எளியது. சமைத்த சோற்றில் பாதிக்குமேல் தண்ணீர். மலைமேலோ ஊர்களுக்கு எட்டாத ஓடைகளுக்குக் குறைவில்லை. இருக்கும் இடத்துக்கே தண்ணீரை அடிவாரத்திலிருந்து நாம் சுமந்துசெல்வது, மழைக்குக் குடத்தில் நீர் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே கட்டுச்சோறு நீங்கியது. அதனோடு தயிர்ச்சாடியும் நீங்கியது. புளிக்காய்ச்சலை நீர்வற்றக் கிளறி, வெயிலில் உலர்த்தி, நெல்லிக்காய் அளவில் உருண்டைகளாக உருட்டினேன். ஓர் உருண்டையைச் சுடுநீரில் கரைத்தால் ஒரு வேளைக் குழம்பு. மாராயர் அதை முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொண்டார். பின்னர் எண்ணியபோது ஓர் உருண்டையைக் காணோம்.

முதல் இரவு தாங்கள் தங்குவது மூங்கிற்காட்டில். ஆங்கே பானையே வேண்டியதில்லை. பச்சை மூங்கிலில் ஒரு கணுவை அறுத்து, அரிசியும் நீரும் இட்டு, வாயை இலையால் அடைத்துத் தணலில் சாய்த்து வையுங்கள். சோறு வெந்ததும் மூங்கிலைப் பிளந்து உண்டு, கலத்தை அங்கேயே அடுப்பில் இட்டுவிடலாம். கழுவும் வேலையும் சுமக்கும் வேலையும் ஒருங்கே தீரும். உண்கலமாகத் தேக்கிலை அங்கு வேண்டுமளவு உண்டு. அதைப் பார்த்து நாடு ஏதும் பேசுமாயின், பேச அங்கே குரங்குகளே இருக்கும்.

மறுநாள் மூங்கில் முடிந்து புதர்க்காடு தொடங்கும். அதற்கென ஒரு மெல்லிய செப்புக் கலத்தை மட்டும் வைத்துள்ளேன். தகட்டை மேலும் தட்டி மெலிதாக்கச் சொன்னபோது கலம் செய்யும் கன்னார் தயங்கினார். மலையேறுபவர் யாரெனக் கேட்டபின் தயங்கவில்லை. அக்கலத்தின் வயிற்றுக்குள்ளேயே உப்புப்பொதி, மிளகுச்சுக்குப் பொடி, சிக்கிமுக்கிக் கல், எரிபஞ்சு யாவும் அடங்கும். வெறும் இடத்தைச் சுமப்பதும் ஒரு சுமையே. பருப்பு வைக்கவில்லை. உயரத்தில் பருப்பு வேகாது. சினத்தால் தாங்கள் வெந்தாலும் அது வேகாது. பயற்றை வறுத்து மாவாக்கியிருக்கிறேன், கொதிக்கும் நீரில் தூவிக் கிளறினால் கஞ்சியாகும். அகப்பைக்குச் சிரட்டை வைத்து, அதன் காம்பைப் பாதியாக அறுத்தேன். அறுத்த துண்டை மாராயர் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“இதோட கனம் ஒரு காக்கா இறகு இருக்குமா தாயே? இதுக்கு ஒரு அறுப்பா?” என்றார்.

இத்தகைய இறகுகள் கூடித்தான் சென்ற முறை ஓர் அண்டா ஆயின என்று நான் அவருக்குப் பணிவுடன் தெரிவித்தேன்.

இறுதி நாள் முகட்டின்மேல் வெறும் பாறை. விறகும் இல்லை, காற்றும் நெருப்பை நிற்க விடாது. அந்நாளுக்கு அடுப்பில்லா உணவு. அவலை விடியலில் குளிர்நீரில் நனைத்துக் கருப்பட்டி சீவிப்போட்டு உண்க. நடந்துகொண்டே உண்ண எள்ளுருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் உள்ளன. பொரிவிளங்காயைப் பல்லால் கடிக்க வேண்டாம். கல்லால் உடைத்து உண்க. அரசர்க்கு நாடு எத்துணை இன்றியமையாததோ, பல்லும் அத்துணை இன்றியமையாதது.

நெய்யைப் பற்றி இரண்டு சொல். அரண்மனையில் தாங்கள் சுருட்டிவைத்த கோரைப்பாயை நான் அவிழ்க்கவில்லை. எறும்புகள்தாம் படிக்கட்டில் வரிசைகட்டிச் சென்று அதைக் காட்டிக்கொடுத்தன. உள்ளிருந்த நெய்ச்சாடியும் பால்கோவாப் பொட்டலமும் மீட்கப்பட்டன. அத்தோடு தாங்கள் திருந்தியிருப்பீர்கள் என எண்ணினேன். ஆயின் பாசறைக் காவலர், தண்ணீருக்கென நான் தந்த சுரைக்குடுக்கையைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லியனுப்பியதை அவர் சொன்னவாறே வரைகிறேன்.

“முட்டிக்குத் தடவுற தைலம்னு சொன்னாங்க அம்மா. ஆனா சோறு போடுற நேரத்துக்குத்தான் சரியா முட்டி வலிக்குது” என்றார்.

அத்தைலம் இவ்வோலை கண்டவுடன் காவலரிடம் ஒப்படைக்கப்படுக. தாங்கள் வருந்தவேண்டாம், எள்ளுருண்டையை நெய்விட்டே பிடித்திருக்கிறேன். சொன்னால் தாங்கள் மலையடியிலேயே அனைத்தையும் தீர்த்துவிடக்கூடும் என்றே இதுகாறும் சொல்லாதிருந்தேன்.

இனி உருளி. தாங்கள் பாசறைக்குப் புறப்படும் முன்னாளில் என் தமையனாரின் தூதர் கீரனார் வந்ததும், இருவர் கூடித் தூக்கிய உருளியை உள்முற்றத்தில் இறக்கியதும், அதனுள் மலைபோல் அதிரசம் இருந்ததும், மாலை விளக்கு ஏற்றுமுன் அம்மலை தரைமட்டமானதும் தங்கள் நினைவில் இருக்கும். என் பங்கென ஒன்றேனும் வைக்கப்படவில்லை என்பதை இவ்விடத்தில் பதிவுசெய்கிறேன். உண்டதால் அதை வழித்துணையெனத் தாங்களே ஏற்றதாயிற்று, ஏற்றதைச் சுமந்தாகவேண்டும் என அவையோர் தலைகவிழ்ந்தனர். தாங்களும் உருளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வாயைக் கட்டாதவன் நாட்டைக் கெடுத்தான் என்று தங்களையே நொந்தவாறு சென்றீர்கள். அன்று தங்கள் முகம் கண்டு எனக்கும் உள்ளம் கலங்கியது. அவ்வளவு பளுவோடு நடந்தால் மான்சுனையை மீட்பது இருக்கட்டும், மூங்கிற்காட்டையே நாம் இழப்போம்.

ஆயினும் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. என் தமையனாரை நான் பிறந்தது முதல் அறிவேன். பிறர்க்கு அதிரசம் அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆகவே விருந்தினர் மாளிகையில் இளைப்பாறிக்கொண்டிருந்த கீரனாரை அழைத்து, உருளி புறப்பட்டபோது நடந்தது என்னவென்று வினவினேன். நல்ல மனிதர், மறைக்க அறியாதவர்.

“அரசர் வெறும் உருளியாத்தான் தாயி குடுத்தாரு. மச்சான் முதுகு வளையட்டும்னு சிரிச்சாரு. உங்க அண்ணியாருதான் பிடிச்சுக்கிட்டாங்க. பொறந்த பொண்ணு வீட்டுக்கு வெறும் பாத்திரத்தையா அனுப்புவாங்க, ஊரு காறித் துப்பாதான்னு, ராத்திரியோட ராத்திரியா அதிரசம் சுட்டு, மஞ்சள் குங்குமம் வெத்தல பாக்கு எல்லாம் வச்சு நெரப்பிட்டாங்க. நங்கை கையில குடுங்க, வேற யார் கையிலயும் குடுக்காதீங்கன்னு சொல்லித்தான் விட்டாங்க” என்றார்.

அவர் சொன்னபடியேதான் அன்று நடந்தது. தட்டோடு மஞ்சளையும் வெற்றிலையையும் என் கையில் தந்து, அண்ணியார் அல்லியங்கோதை கொடுத்தனுப்பியதாகவே அவர் கூறினார்; நானும் முந்தானையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முற்றத்தில் நின்ற யாவரும் கண்டனர். அதிரசத்தைக் கண்ட தாங்கள் மட்டும் வேறெதையும் காணவில்லை.

மறுநாளே அவையைக் கூட்டி ஒன்றை மட்டும் வினவினேன். பிறந்த வீட்டிலிருந்து, பலகாரம் நிரப்பி, மஞ்சள் குங்குமத்தோடு, அண்ணன் மனைவி அனுப்ப, அவ்வீட்டில் பிறந்த பெண் தன் கையால் வாங்கிய பாத்திரத்துக்கு இரு நாட்டிலும் என்ன பெயர்? அவையோர் ஒரே குரலாக, சீர் என்றனர். சீர்ப்பாத்திரம் யாருடையது? பெண்ணுடையது என்றனர். அவள் இசைவின்றி அதைக் கொழுநன் வெளியே தூக்கிச்செல்லலாமா? இதற்கு மறுமொழி சொல்லுமுன் அவையோர் சிலர் தத்தம் வீட்டை நினைந்து நடுங்கினர் எனத் தோன்றியது. எந்த ஆணுக்கும் அவ்வுரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. கீரனாரும் அதைத் தம் நாட்டு வழக்கு எனவே ஒப்பிக் கைச்சாத்திட்டார்.

ஆதலால் தாங்கள் இப்போது தங்கள் பாசறையில் வைத்திருப்பது வழித்துணை அன்று. என் தாய்வீட்டுச் சீர். அதை என் இசைவின்றி எடுத்துச்சென்ற குற்றத்தையும், அதிலிருந்த என் அதிரசத்தை முழுதும் உண்ட குற்றத்தையும் தாங்கள் திரும்பியபின் விசாரிப்பேன். வழித்துணையென ஒன்றும் வராதது என் தமையனார்க்கு இழுக்காகலாம் அல்லவா? தங்கையாகிய நான் அதைப் பொறேன். ஆகவே அச்சீரிலிருந்து மஞ்சட்கிழங்கு ஒன்றை, என் கொடையாக, தங்கள் பையின் வாரில் முடிந்துகொள்ள அனுப்புகிறேன். கல்வயல் வீட்டுப் பொருள் ஒன்றைத் தாங்கள் முகடுவரை சுமந்தீர்கள் என்று சாட்சிகள் காணட்டும். பயற்றுக்கஞ்சியில் சிறிது உரசிக்கொள்ளவும் ஆகும்.

நம் பக்கத்து வழித்துணைப் பரிசு என்னவென்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். அம்மிக்கல் அனுப்பலாம் என்றார் மாராயர். அத்தகைய சிறுமையை நான் விரும்பவில்லை. நம் தோட்டத்துப் பலாக்களில் பெரியதும், நடையின் முதல் நாள் நண்பகலில் மணம் எழுப்பும்படி பதம் பார்த்து இறக்கியதுமான ஒன்றை அனுப்பியிருக்கிறேன். என் தமையனார் பலாவைக் கண்டால் ஒரு சுளையும் பிறர்க்கு ஈயார்; முழுதும் உண்டால் நிழல் கண்ட இடத்தில் சாய்ந்து மறுநாள்தான் எழுவார். உண்ணாமல் சுமக்கலாமே என்பீர்கள். சுமக்கட்டும், மணம் எழுந்த பலாவோடு அவர் வழியிலுள்ள கரடிக்காட்டைக் கடப்பது அவர் வீரத்துக்கு ஏற்ற செயலே. மஞ்சளோ வெற்றிலையோ பாக்கோ ஏதும் உடன் வைக்காமல், அண்ணியார் கைக்குப் போகாமல், வேந்தர் கையிலேயே கொடுக்கும்படி கீரனாரிடம் உறுதி பெற்றிருக்கிறேன். அவர் போய்ச்சேரும் பொழுதும் நடை தொடங்கும் பொழுதும் ஒன்றே ஆகையால் மறுபரிசு அனுப்ப அவர்க்கு நேரமும் இராது.

ஆகவே, மடியிலுள்ள முத்திரையின் ஆணையாகக் கட்டளையிடுகிறேன். இவ்வோலை கொணர்பவரின் வண்டியில் என் உருளி ஏற்றப்படுக. சுரைக்குடுக்கை கழுவப்பட்டுக் காலியாகவே பையில் தொங்குக. விடியலில், எறும்பு வந்ததா என்று காவலர் பாயை அவிழ்த்துப் பார்த்தபின்னரே கோமகனார் புறப்படுக. மான்சுனைக்கு அப்பால் கால்வைத்தபின் எங்கே தம் மைத்துனரை எதிர்கொண்டாலும், உறங்குபவராயின் மெல்ல எழுப்பி, கல்லை நட்டு, அவர்க்கும் ஓர் எள்ளுருண்டை ஈக; கல் நட்டபின் கொடுப்பதும் பெறுவதும் முறையே. சுனை நம்முடையதானபின் அங்கே காவல் வாயில் எழுப்பலாகாது. கல்வயல் பெண்டிரும் குடத்தோடு வருவர். அவர்களில் யாரும் நிற்கவைக்கப்படலாகாது, யாரும் சிரிக்கவும் ஆகாது.

வெறுமையாய்ப் போகும் அக்குடுக்கை மான்சுனை நீரால் நிறைந்து வருக. அந்நீரை என் தாய்வீட்டு உருளியில் ஊற்றி, புத்தரிசியும் பாலும் வெல்லமும் பெய்து, தாங்கள் அஞ்சுமளவுக்கு நெய்வார்த்துப் பொங்கலிடுவேன். முதற்கவளம் குடத்தோடு நின்ற அப்பெண்ணுக்கு, இரண்டாவது தங்களுக்கு. நீரின்றி வருவீராயின், அவ்வுருளியில் மீந்த புளியுருண்டைகளைக் கரைத்து வைத்திருப்பேன்.

மான்சுனையை நோக்கித் தங்கள் அடி பெயர்க. வயிறு பின்தொடர்க.

இது பட்டத்தரசி முல்லைநங்கை தன் கைப்பட வரைந்து, பனைப்பொறி முத்திரை ஒற்றி, அதிரசம் ஒன்றும் இல்லாத வெறுந்தட்டைச் சாட்சியாய் வைத்து விடுத்த ஓலை.